கணினியில் முதுநிலை: சேர்வதற்கு முன்பிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

முதுநிலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், நெறியாளர் அறையில் உட்கார்ந்து என் ஆய்வுத் திட்டத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழுக்கென்று பெரிய மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருக்கும் நிரல்) ஒன்றை உருவாக்குவது, அதைக் கேள்வி-பதில், மொழிபெயர்ப்பு, செய்திச் சுருக்கம் மூன்றுக்கும் பழக்குவது, கடைசியில் ஒரு செயலி. முழுசாகக் கேட்டவர், "நல்லா இருக்கு. ஆனா இதுக்கு இருபது பேரும் மூணு வருஷமும் வேணும். உன்கிட்ட ஒரு ஆளும் ஆறு மாசமும்தான் இருக்கு. அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணு கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. அடங்குகிற மாதிரி ஒன்றைக் கொண்டுபோக இரண்டரை மாதம் பிடித்தது. இளநிலையில் கேள்வியை வேறொருவர் கொடுப்பார், நாம் விடை எழுதுவோம். முதுநிலையில் கேள்வியும் நம் தலையில் விழுகிறது. அதை எப்படிச் செதுக்குவது என்று யாரும் வகுப்பெடுப்பதில்லை. அந்த இரண்டரை மாதத்தை உங்களுக்கு இரண்டு வாரமாகக் குறைக்க முடிந்தால் இந்தக் கட்டுரை எழுதிய நேரம் வீணில்லை.

எந்த வகைப் படிப்பு?

கணினித்துறை முதுநிலை என்ற ஒரே பெயரில் மூன்று வேறு படிப்புகள் உலவுகின்றன. ஒன்று பாடவழி: வகுப்பு, ஒப்படைப்பு, தேர்வு, கடைசியில் ஒரு திட்டப்பணி. இன்னொன்று ஆய்வுவழி: வகுப்பு குறைவு, ஆய்வேடே பெரும்பங்கு. மூன்றாவது, வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களைக் கணினிப் பக்கம் கொண்டுவரும் மாற்றுப் படிப்பு. முனைவர் பட்டம்வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வுவழி, அல்லது ஆய்வேட்டுக்கு அதிக கிரெடிட் ஒதுக்கும் பாடவழி. வேலைதான் குறி என்றால் பாடவழியே போதும். மாற்றுப் படிப்பில் சேர்ந்துவிட்டு, "இளநிலையில் படித்ததையே திரும்பச் சொல்கிறார்கள்" என்று புலம்பிய கணினிப் பட்டதாரிகளை எனக்குத் தெரியும். சேரும்போது வகையைப் பார்க்காததுதான் காரணம்.

வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணினித்துறைக்கென்று உலகில் தொடங்கிய முதல் ஓராண்டுப் பாட வகுப்பே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953-இல் ஆரம்பித்த பட்டமேற்படிப்பு டிப்ளமாதான். கணினியில் இளநிலைப் பட்டம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் எல்லாருமே வேறு துறைக்காரர்கள்.

விளம்பரக் கையேட்டில் எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி சிரிக்கும். அதை மூடிவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறங்கள். பட்டியலில் உள்ள விருப்பப் பாடங்களில் இந்த ஆண்டு உண்மையிலேயே நடப்பவை எவை, ஆய்வேட்டுக்கு எத்தனை கிரெடிட், ஒரு நெறியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலில் நாற்பது பாடம் இருந்து பன்னிரண்டுதான் நடக்கும் இடங்கள் உண்டு. இணையவழிப் படிப்பும் இப்போது நல்ல தேர்வுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இல் தொடங்கிய இணையவழி முதுநிலை, 10 பாடங்களை முடித்தால் பட்டம் என்ற கணக்கில் நடக்கிறது, ஆய்வேடு கட்டாயமில்லை. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு அது வசதி. ஆய்வு பழக வேண்டும் என்று போகிறவர்களுக்கு அங்கே கொஞ்சம் கூடுதல் முயற்சி தேவைப்படும்.

மணிக்கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுவிட்டுச் சேருங்கள். ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். நாற்பது வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 38 முதல் 45 மணி நேரம், முழுநேர வேலைக்குச் சமம். 30 கிரெடிட் ஆய்வேடு மட்டும் 750 மணி நேரத்துக்குக் குறையாது. வேறு நாடுகளில் முறை வேறாக இருக்கலாம், உழைப்பு பெரிதாக மாறாது. பகல் வேலை பார்த்துக்கொண்டு "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஒதுக்குவேன்" என்கிறவர்கள் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்துவிட்டு, பகுதிநேரமா முழுநேரமா என்று முடிவெடுங்கள்.

சேர்வதற்கு முந்தைய மூன்று மாதம்

புதிய நிரல்மொழி கற்கக் கிளம்பாதீர்கள். தெரிந்த ஒன்றில் கை தேறட்டும். வகுப்பில் திணறுகிறவர்களில் பெரும்பாலோர் திணறுவது கணக்கில்தான்: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நிறுவல் (ப்ரூஃப்) எழுதும் பழக்கம். அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை இன்னொன்றால் பெருக்குவது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெருக்கல் ஒரு வெளியை எப்படித் திருப்புகிறது, நீட்டுகிறது என்று படம் போட்டுச் சொல்லத் தெரிந்தால் இயந்திரக் கற்றல் வகுப்பின் பாதிச் சுமை இறங்கிவிடும். தினம் ஒரு மணி நேரம், கையில் பேனாவோடு. காணொளி பார்ப்பது கணக்கில் சேராது.

இன்னொன்று, பட்டறை வேலை: கட்டளை வரி, கிட் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி), பிழை தேடும் கருவி, தொலைவிலுள்ள சர்வரில் உள்நுழைந்து வேலை செய்வது. பேராசிரியர்கள் இதெல்லாம் மாணவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். மாணவர்கள் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிலர் இதற்கென்றே 'விடுபட்ட செமஸ்டர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வகுப்பு நடத்தி, பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

பாடத் தேர்வில் ஒரு சொந்தக் கருத்து: தனியாக உட்கார்ந்து படித்தால் கைவிட்டுவிடுவோம் என்று தோன்றும் கடினமான கோட்பாட்டுப் பாடம் ஒன்றையாவது எடுங்கள். வழிமுறைகள் (அல்காரிதம்), நிகழ்தகவு, பகிர்ந்த கணினியமைப்பு, எதுவானாலும் சரி. கருவிகளை வேலையில் சேர்ந்த பிறகு ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

நெறியாளர்

பெரிய பெயர் உள்ளவரா, நேரம் உள்ளவரா என்று வந்தால் நேரம் உள்ளவரைப் பிடியுங்கள். முதுநிலைக்கு அதுதான் சரி. முடிவெடுக்கும் முன் அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடம் பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்று பதில் வரும், அதில் எதுவும் தெரியாது. மெயில் போட்டால் எத்தனை நாளில் பதில் வரும், எழுதிக் கொடுத்த அத்தியாயத்தைப் படித்துத் திருத்துவாரா, போன ஆண்டு அவரிடம் படித்தவர்கள் நேரத்துக்கு முடித்தார்களா என்று கேளுங்கள்.

சந்திப்புக்கு முதல் நாள் மூன்றே வரி அனுப்பும் பழக்கம் வையுங்கள்: இந்த வாரம் என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், உங்களிடமிருந்து என்ன முடிவு வேண்டும். மூன்றாவது வரி இல்லாத சந்திப்பு பெரும்பாலும் அரட்டையில் முடியும். பேசி முடித்ததும் முடிவானதை எழுதி அவருக்கே மெயில் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வரும்போது உதவும். கட்டாயம் வரும்.

கேள்வியைச் சிறிதாக்குவது

என் கதைக்கே வருகிறேன். முதல் வடிவம்: "தமிழுக்கு ஒரு பெரிய மொழி மாதிரி." இதில் கேள்வியே இல்லை, ஆசை மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது வடிவம்: "மொழி மாதிரிகளில் தமிழ் ஏன் பின்தங்குகிறது?" கேள்வி வந்துவிட்டது. ஆனால் காரணம் ஒரு டஜன் இருக்கும்: தரவு குறைவு, பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் உள்ள தூரம், சொல் ஒட்டி ஒட்டி நீளும் இலக்கணம். ஒரு ஆள் ஒரு டஜன் காரணத்தையும் அளக்க முடியாது.

ஒரு நாள் சும்மா ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தேன்: வீட்டிலிருந்து. நாம் படிக்கும்போது 7 எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால் 14 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 42 பைட். இதையே ஆங்கிலத்தில் 'ஃப்ரம் த ஹவுஸ்' என்று இடைவெளியோடு எழுதினால் 14 பைட்டில் முடிந்துவிடுகிறது. உரையைப் பைட் பைட்டாகப் பிரித்து, அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒட்டிக்கொண்டே போகும் டோக்கனைசர் (மாதிரி படிக்கும் முன் உரையைத் துண்டுகளாக வெட்டும் நிரல்) ஒன்று, பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்து வளர்ந்திருந்தால், இந்த ஒரு சொல்லைக் கண்டதுண்டமாக வெட்டிவிடும். 'வீடு', 'இல்', 'இருந்து' என்ற எல்லைகள் எதுவும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது வடிவம் இங்கே பிறந்தது: "டோக்கனைசர் வெட்டும் விதம் தமிழுக்கு எவ்வளவு பாதகம்?" நெறியாளர் அப்போதும் தலையாட்டவில்லை. "எவ்வளவுன்னா? எதுல அளப்பே? எதோட ஒப்பிடுவே?" நான்காவது வடிவம்தான் நின்றது: ஒரே அளவு சிறிய மாதிரி, ஒரே தரவு. ஒன்றில் பைட்டுகளை ஒட்டும் டோக்கனைசர், மற்றதில் உருபு எல்லை பார்த்து வெட்டும் டோக்கனைசர். செய்திகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் ஒரே பணி. வித்தியாசம் எவ்வளவு?

இந்த வடிவத்தின் நல்ல குணம், எந்த விடை வந்தாலும் ஆய்வேடு நிற்கும் என்பது. வித்தியாசம் பெரிது என்றாலும் செய்தி, ஒன்றுமே இல்லை என்றாலும் செய்தி. உங்கள் கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள்: "இல்லை" என்று விடை வந்தால் எழுத ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் கேள்வியை மாற்றுங்கள். எதை அளக்கிறீர்கள், எதோடு ஒப்பிடுகிறீர்கள், எந்தத் தரவில், இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்வரை செதுக்குங்கள். தரவு கையில் கிடைத்துவிட்டதா என்பதையும் அன்றே பாருங்கள். "மருத்துவமனை தருவதாகச் சொல்லியிருக்கிறது" என்று நம்பித் தொடங்கியவர்களுக்கு, அனுமதிக் கடிதம் வரும்போது செமஸ்டரே முடிந்திருக்கும்.

கேள்வி சிறிதாகிவிட்டால் ஆய்வும் சிறுத்துவிடுமோ என்று பயம் வரும். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1937-இல் எம்ஐடியில் எழுதிய முதுநிலை ஆய்வேடு ரிலே சுவிட்சுகளைப் பற்றியது. சுவிட்சுச் சுற்றுகளை, உண்மை-பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துப் போடும் பூலிய இயற்கணிதத்தால் விவரிக்கலாம் என்று காட்டினார். டிஜிட்டல் சுற்றுகளை வடிவமைக்கும் முறைக்கே அது அடித்தளமானது. நம் ஆய்வேடு அப்படி ஆகப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் அவர் "கணினி யுகத்தைப் படைப்பது எப்படி" என்று தலைப்பு வைக்கவில்லை.

ஆய்வுப் பேப்பர் படிப்பது

மற்ற துறைகளில் ஆய்விதழ்களுக்கு உள்ள மரியாதை கணினித்துறையில் மாநாடுகளுக்கு உண்டு. இயந்திரக் கற்றலுக்கு நியூரிப்ஸ், மொழித் தொழில்நுட்பத்துக்கு ஏசிஎல், மென்பொருள் பொறியியலுக்கு ஐசிஎஸ்இ, தரவுத்தளத்துக்கு சிக்மாட், மனித-கணினி ஊடாட்டத்துக்கு சிஎச்ஐ. உங்கள் கிளைக்கு எந்த மூன்று மாநாடு முக்கியம் என்று நெறியாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், தேடல் பாதியாகக் குறையும். யார் எங்கே என்ன வெளியிட்டார் என்று பார்க்க ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய டிபிஎல்பி பட்டியல் இன்றும் எனக்குப் பிடித்த இடம். 1991-இல் இயற்பியலாளர்களுக்காகத் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கணினிப் பேப்பர்கள் சுடச்சுடக் கிடைக்கும். ஆனால் அங்கே போடுவதற்கு வல்லுநர் மதிப்பாய்வு கிடையாது. ஆர்க்கைவில் படித்த பேப்பர் பிறகு எந்த மாநாட்டிலாவது வந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் அந்த வடிவத்தை மேற்கோள் காட்டுங்கள்.

பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கதைப்புத்தகம் மாதிரி படிக்காதீர்கள். கணினி ஆய்வாளர் எஸ். கேசவ் 2007-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, மூன்று சுற்றாகப் படிக்கச் சொல்கிறது. முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, மேற்கோள் பட்டியல்: பத்து நிமிடத்துக்குள். இரண்டாவதில் நிறுவல்களைத் தள்ளிவைத்துவிட்டுப் படங்களையும் வரைபடங்களையும் கவனித்து உள்ளே போவது. மூன்றாவதில் அந்தப் பேப்பரை நாமே எழுதினால் எப்படிச் செய்வோம் என்று மனசுக்குள் திரும்பக் கட்டிப் பார்ப்பது. பெரும்பாலான பேப்பர்கள் முதல் சுற்றோடு நின்றுவிட வேண்டும், குற்றவுணர்ச்சியே வேண்டாம். மூன்றாவது சுற்றுக்குத் தகுதியானவை உங்கள் ஆய்வேட்டுக்கு ஐந்தோ ஆறோதான் இருக்கும்.

படித்ததை மறக்காமலிருக்க ஒரு அட்டவணை போதும். பேப்பர், அவர்கள் கேட்ட கேள்வி, பயன்படுத்திய தரவு, கிடைத்த எண், எனக்கு வரும் சந்தேகம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் பேப்பரை நீங்கள் படிக்கவில்லை, புரட்டியிருக்கிறீர்கள். இந்த அட்டவணைதான் பிறகு முந்தைய ஆய்வுகள் அத்தியாயமாக மாறும். மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம். முதல் பேப்பரிலிருந்தே அதில் போட்டுவையுங்கள். எண்பது பேப்பர் சேர்ந்தபின் "எங்கேயோ படித்தேனே" என்று தேடுவதைப்போல வெறுப்பேற்றும் வேலை இல்லை.

சோதனை ஓட்டம்

என் மொழி மாதிரி முதல்முறை ஓடி முடித்தபோது 97 சதவீதத் துல்லியம் காட்டியது. இரவு பதினொரு மணிக்கு நெறியாளருக்கு மெயில் போட்டேன். காலையில் ஒற்றை வரியில் பதில்: "இவ்வளவு நல்லா வந்தா முதல்ல சந்தேகப்படு."

தரவைத் திறந்து பார்த்தால், ஒரே செய்தி நாலைந்து தளங்களில் தலைப்பு மட்டும் மாறி வந்திருந்தது. அதில் சில பயிற்சித் தரவிலும், சில சோதனைத் தரவிலும் விழுந்திருந்தன. வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதை. இரட்டைகளை நீக்கிவிட்டு ஓட்டினால் 80-க்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்று வார முடிவுகளைத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து, தரவைப் பிரிக்கும் முன் இரட்டைகளைத் தேடுவது, பிரித்த பிறகு இரண்டு பக்கமும் பொதுவாக எதுவும் இல்லை என்று நிரல் எழுதியே சரிபார்ப்பது, சோதனைத் தரவைக் கடைசிவரை தொடாமல் பூட்டி வைப்பது, இந்த மூன்றும் பழக்கமாகிவிட்டன.

அடுத்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படை அளவு (பேஸ்லைன்). உங்கள் அருமையான முறையை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? எதையும் கற்காமல் எல்லாவற்றுக்கும் "அரசியல்" என்று கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லும் நிரலை முதலில் ஓட்டுங்கள். தரவில் 70 சதவீதம் அரசியல் செய்தியாக இருந்தால் அந்த முட்டாள் நிரலே 70 வாங்கிவிடும். அதற்குமேல் உங்கள் ஆழ்கற்றல் மாதிரி 72 வாங்கினால் கொண்டாட ஒன்றுமில்லை. பிறகு பழைய எளிய முறை ஒன்று, சொற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் வகைப்படுத்தி. இவை இரண்டையும் ஓட்ட அரைநாள் போதும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

மாதிரி பயிற்சியைத் தற்செயல் எண்களோடுதான் தொடங்கும். அந்த எண்களின் தொடக்க விதையை மாற்றினாலே முடிவு மேலும் கீழும் போகும். ஒரே ஓட்டத்தில் 'அ' முறை 81, 'ஆ' முறை 82 என்று வந்தால் 'ஆ' சிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து விதைகளிலாவது ஓட்டி, சராசரியும் பரவலும் சேர்த்துக் கொடுங்கள். என் ஆய்வில் முதல் ஓட்டத்தில் உருபு டோக்கனைசர் தோற்றது. ஐந்தையும் பார்த்தபோது ஜெயித்தது, ஆனால் நான் எதிர்பார்த்ததில் பாதி அளவுக்குத்தான். அப்படியே எழுதினேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறிப்பு எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று: "ஓட்டம் 31. கற்றல் வேகம் 0.001-லிருந்து 0.0003. மற்றதெல்லாம் ஓட்டம் 30 மாதிரியே. எதிர்பார்த்தது: ஏறும். நடந்தது: இறங்கியது. காரணம் தெரியவில்லை. விதையை மாற்றி நாளை மறுபடி." இதோடு எந்த கமிட்டில் (கிட்டில் பதிந்த எந்த வடிவத்தில்) ஓட்டினோம் என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் ஏறியது எதனால் என்று சொல்லவே முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு இந்த விதியை மீறத் தோன்றும், அப்போது படுத்துத் தூங்கிவிடுவது நல்லது.

பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினித் தொகுப்பில் ஜிபியு என்ற வேகக் கணிப்புச் சில்லுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒப்படைப்புக் காலத்தில் வரிசை நீளும். அதனால் நூறே நூறு வரித் தரவில் உங்கள் மடிக்கணினியிலேயே முழு நிரலும் தொடக்கம் முதல் கடைசிக் கோப்பை எழுதுவதுவரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பத்து மணி நேரம் ஓடியபின் கடைசி வரியில் கோப்புறைப் பெயர் தப்பு என்று நின்றுபோனவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இடையிடையே மாதிரியைச் சேமிக்கும்படி எழுதுங்கள். நகல்களுக்கு 3-2-1 என்று ஒரு பழைய வழக்கம்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில்.

எழுதுவது

சோதனை எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று வைத்தால், சோதனை முடியவே முடியாது. நடு அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முறை, தரவு, சோதனை அமைப்பு, இவை கையில் சூடாக இருக்கும்போதே எழுதிவிடலாம். அதன்பின் முடிவுகள். முன்னுரை கடைசிக்கு முந்தியது, சுருக்கம் கடைசி. முன்னுரையை முதலில் எழுத உட்கார்ந்து ஒரு மாதம் முதல் வாக்கியத்தோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருவர்.

கருவி விஷயத்தில் துறை வழக்கம் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். டொனால்ட் நூத் 1978-இல் வெளியிட்ட டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் கட்டியது. முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். சமன்பாடும் மேற்கோள் பட்டியலும் தாமாகவே ஒழுங்காகும்போது அந்தக் கொடுமை மறந்துவிடும். பல்கலைக்கழகமே வார்ப்புரு வைத்திருக்கும். போன வருடம் முடித்த சீனியரிடம் கேட்டால் பிழை நீக்கிய வடிவமே கிடைக்கும்.

அட்டவணையோ படமோ, அதன் கீழே எழுதும் குறிப்பை மட்டும் படித்தாலே விஷயம் புரிய வேண்டும். வைவாவுக்கு முந்தின இரவு தேர்வாளர் படிப்பது அதைத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அரட்டை இயலிகளை (சாட்ஜிபிடி போன்றவை) பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. விதி இடத்துக்கு இடம் வேறு, சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் வேறு. உங்கள் துறையின் விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்தியதை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். விதி எதுவானாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அது தரும் மேற்கோள்களை அப்படியே ஒட்டுவது. ஆசிரியர் பெயர், ஆண்டு, மாநாடு எல்லாம் பொருத்தமாக இருக்கும், அப்படி ஒரு பேப்பரே உலகத்தில் இருக்காது. ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து, நீங்கள் சொல்லும் விஷயம் அதற்குள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வைவா

ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் முன்பு, நண்பரின் கணினியைக் கடன் வாங்கி, உங்கள் நிரலைக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, நீங்கள் எழுதிய வழிமுறையை மட்டும் பார்த்து அவரையே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு மூன்றாவது வரியிலேயே நின்றது. என் மடிக்கணினியில் மட்டும் இருந்த ஒரு கோப்பை நிரல் தேடிக்கொண்டிருந்தது.

வைவாவுக்கு முன் ஆய்வேட்டின் முக்கிய அட்டவணைகளை எடுத்து, ஏதாவது ஒரு எண்மேல் விரல் வைத்து, அது எந்த ஓட்டத்தில், எந்தத் தரவில், எத்தனை விதையின் சராசரியாக வந்தது என்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் பங்களிப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள் என்பார்கள், அதைத் தயாராக வைத்திருங்கள். பலவீனம் எது என்றும் கேட்பார்கள், நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் அடுத்த கேள்வி மென்மையாக வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சேர்த்துச் சொல்லலாம்.

என்னிடம் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரு வரைபடத்தைப் பற்றி. நடுவில் ஒரு புள்ளி மட்டும் பள்ளத்தில் விழுந்திருந்தது, ஏன் என்றார். நோட்டைத் திறந்து ஓட்டம் 31-இன் பக்கத்தைக் காட்டினேன். மறுநாள் விதை மாற்றி ஓட்டியதும், அப்போதும் இறங்கியதும், பிறகு காரணம் தெரிந்ததும் வரிசையாக அதில் இருந்தது. இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை என்று கேட்டுவிட்டு, திருத்தப் பட்டியலில் முதல் வரியாக அதையே எழுதினார். திருத்தங்களைச் செய்ததும் பழைய பக்க எண், புதிய பக்க எண், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆய்வேட்டோடு இணைத்து அனுப்புங்கள். தேடவிடாமல் கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும்.